நாய்க்குட்டிக்குச் சாப்பாடு: வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வயது வரை

“அக்கா, குட்டி வந்த நாளிலயிருந்து வயித்தாலை போகுது. பாலும் பிஸ்கற்றும்தான் குடுத்தனாங்கள்.” புதிதாகக் குட்டி எடுத்தவர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழிந்தால் இன்னொன்று வரும்: “முன்னங்கால் வளைஞ்சு போச்சு. நல்ல இறைச்சிதானே போடுறம்?” இரண்டு வீட்டாரும் குட்டியை உயிராய்ப் பார்ப்பவர்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பிழை விட்டிருந்தார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதில் தங்கியிருக்கிறது.

1. குட்டி வருவதற்கு முதல்

குட்டியைத் தாயிடமிருந்து 8 கிழமைக்கு முன் எடுக்கவேண்டாம். கண் திறந்து ஓடித் திரிகிறது என்று 4, 5 கிழமையிலேயே தூக்கி வருவது நம்மிடம் வழக்கம். 3 முதல் 4 கிழமைக்குள் குட்டி கூழ் நக்கத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் பால் குடியை முழுதாக விட 6 முதல் 8 கிழமை ஆகும்.

எடுக்கும் வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது என்ன சாப்பிடுகிறது? ஒரு நாளைக்கு எத்தனை தரம்? பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள்? பிறகு, அது தின்னும் அதே உணவில் ஒரு கிழமைக்குக் காணும் அளவை வாங்கி வாருங்கள். வெட்கப்படவேண்டாம், 4ஆம் படி முழுவதும் அந்தப் பொதியை நம்பித்தான் இருக்கிறது.

வீட்டில் தயாராக இருக்கவேண்டியவை: கிராம் காட்டும் சமையலறைத் தராசு, இரண்டு எவர்சில்வர் கிண்ணம், ஒரு கொப்பி, மிருக வைத்தியரைப் பார்க்க ஒரு திகதி. சுண்டால் அளக்கவேண்டாம். ஒரு சுண்டு சோறும் ஒரு சுண்டு உலர் உணவும் பார்வைக்கு ஒன்று, சத்தில் பெரிய வித்தியாசம்.

தற்செயலாக 8 கிழமைக்கு முந்திய குட்டி கையில் வந்து சேர்ந்துவிட்டால், குட்டிகளுக்கான உலர் உணவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக மசித்து, ஒரு நாளைக்கு 5 அல்லது 6 தரம் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதன் இரைப்பை மிகச் சிறியது. ஒரே தரத்தில் நிரப்பினால் கக்கும்.

2. நிறுத்து எழுதுங்கள்

வந்த அன்றே நிறுங்கள். சின்னக் குட்டியைத் துணிப்பையில் வைத்துத் தொங்கு தராசில் நிறுக்கலாம். வளர்ந்த பிறகு நீங்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம், தூக்காமல் ஒரு தரம் ஆள் நிறுக்கும் தராசில் ஏறி, வித்தியாசத்தை எழுதுங்கள். முதல் 6 மாதமும் கிழமைக்கு ஒரு நாள், காலைச் சாப்பாட்டுக்கு முன் நிறுக்கவேண்டும்.

பூச்சி மருந்தின் அளவும் சாப்பாட்டின் அளவும் நிறையை வைத்துத்தான். கண்மதிப்பு எல்லோரையும் ஏமாற்றும். மொசுமொசுவென்று மயிர் உள்ள குட்டியை எல்லோரும் கொழுத்தது என்கிறார்கள். கையால் தடவினால் எலும்பு.

3. பூச்சி மருந்து முதலில், நல்ல சாப்பாடு பிறகு

“வயிறு தொப்பையாய்க் கிடக்கு, நல்லாச் சாப்பிடுது” என்று சொல்லும் குட்டிகளில் பாதிக்குமேல் பூச்சி வயிறுதான் நான் கண்டிருக்கிறேன். வயிறு பானை போல, விலா தெரியும், மயிரில் பளபளப்பு இராது. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், பாலிலும் வரும். கொக்கிப்புழு இரத்தத்தையே குடிக்கும். நம் மணல் வளவுகளும் மாரி ஈரமும் அதன் குடம்பிகளுக்கு நல்ல இடம். குட்டியின் முரசு (பல் ஈறு) வெளிறியிருந்தால் ஒரு நாளும் பிந்தாமல் வைத்தியரிடம் போங்கள்.

வழக்கமான ஒழுங்கு 2, 4, 6, 8 கிழமைகளில், பின்னர் 6 மாதம் வரை மாதம் ஒரு தரம். மருந்தையும் அளவையும் வைத்தியர் சொல்லட்டும். நீங்கள் கொப்பியில் உள்ள நிறையைச் சொன்னால் போதும். பூச்சியை வைத்துக்கொண்டு முட்டையும் மீனும் ஊட்டினால் பாதியைப் பூச்சி தின்னும். அதோடு, வயிற்றோட்டம் வந்தால் உணவாலா பூச்சியாலா என்று பிரித்தறியவும் முடியாது.

தடுப்பூசித் திகதிகளையும் அன்றே கேட்டு எழுதுங்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குட்டியையும் பார்வோ என்ற வைரஸ் நோய் இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும்.

4. முதல் மூன்று நாளும் புதிதாக ஒன்றும் வேண்டாம்

தாயைப் பிரிந்த, இடம் மாறிய குட்டி அது. அந்த வேளையில் உணவையும் மாற்றினால் குடல் தாங்காது. பழைய வீட்டில் தின்றதையே, அது வெறும் சோறும் மீன் தண்ணீருமாக இருந்தாலும், மூன்று நாள் அதே நேரத்தில் கொடுங்கள்.

இந்த மூன்று நாளில்தான் பாற்பேணி வெளியே வரும். தயவுசெய்து வேண்டாம். தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசுப்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். பசுப்பாலில் கூடுதலாக இருப்பது பாற்சீனி. பால்குடி மறக்கும் குட்டிக்கு அந்தச் சீனியைச் சமிக்கும் சக்தி குறைந்துகொண்டு போகும். சமிக்காத சீனி குடலில் நீரை இழுக்கும், வயிற்றால் போகும். பால்மா கரைத்தாலும் அதே கதைதான். தயிர் ஒரு தேக்கரண்டி பிறகு தாங்கும், முதல் கிழமையில் அதுவும் வேண்டாம்.

முதல் நாள் அரைவாசிதான் சாப்பிட்டால் பயப்படவேண்டாம். தண்ணீர் குடிக்கிறதா, ஓடித் திரிகிறதா என்று பாருங்கள். பொமரேனியன் போன்ற மிகச் சிறிய இனக் குட்டி மட்டும் விதிவிலக்கு. அது சில மணித்தியாலம் பட்டினி கிடந்தாலே இரத்தத்தில் சீனி குறைந்து தள்ளாடும், உடனே கவனிக்கவேண்டும்.

5. ஏழு நாளில் மாற்றுங்கள்

நாலாம் நாளிலிருந்து: முதல் இரண்டு நாள் புதிய உணவு (7ஆம் படியில் வருவது) கால்வாசி, அடுத்த இரண்டு நாள் அரைவாசி, அடுத்த இரண்டு நாள் முக்கால்வாசி, ஏழாம் நாள் முழுதும். மலம் இளகினால் ஒரு படி பின்னே போய் இரண்டு நாள் நில்லுங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக நாள் எடுக்கும், அவசரப்படுத்த வழியில்லை.

6. ஒரு நாளைக்கு எவ்வளவு?

4 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஒரு நாளில் ஏறத்தாழ இவ்வளவு வேண்டும்: 2 கிலோக் குட்டிக்கு 350 கலோரி, 3 கிலோவுக்கு 480, 5 கிலோவுக்கு 700. 4 மாதம் கடந்ததும் வளர்ச்சி வேகம் தணியும். அப்போது 8 கிலோவுக்கு 670, 10 கிலோவுக்கு 790, 15 கிலோவுக்கு 1,070 என்று வரும். நாலாம் மாதப் பிறந்தநாளன்று திடீரென்று வெட்டவேண்டாம், இரண்டு மூன்று கிழமையில் மெல்ல மெல்லக் குறையுங்கள்.

இவை தொடங்குவதற்கான இலக்கங்கள். முடிவு சொல்லவேண்டியது உங்கள் கை. கையை விரித்து மேசையில் வைத்து, மறு கை விரலால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. கையைப் பொத்திப் பிடித்தால் மொழி தெரியுமே, அப்படித் துருத்தினால் போதாது. உள்ளங்கை போல மெத்தென்று இருந்து எலும்பே தட்டுப்படாவிட்டால் கூடிப்போய்விட்டது. கிழமைக்கு ஒரு தரம் நிறுக்கும்போதே இதையும் பார்த்து, பத்தில் ஒரு பங்கு கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

ஊரில் கொழுத்த குட்டிதான் வடிவு. லப்ரடோர், ஜேர்மன் ஷெப்பேர்ட் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். மூட்டுகள் முற்றுமுன் பாரம் ஏறினால் இடுப்பு மூட்டுப் பழுதுபடும். 48 லப்ரடோர் நாய்களை இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குக் குட்டிப் பருவத்திலிருந்தே 25 வீதம் குறைவாகக் கொடுத்து வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூட வாழ்ந்தன. இதை நான் சந்திக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

7. பாதி பக்கற், பாதி சட்டி

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி நாய் உணவின் விலை பல வீடுகளுக்கு எட்டாமல் போய், முழுதாக வீட்டுச் சமையலுக்கு மாறினார்கள். வளர்ந்த நாய் ஒருவாறு சமாளிக்கும். வளரும் குட்டி சமாளிக்காது. சோறு, மீன், பூசணி எல்லாம் நல்லவைதான். ஆனால் துத்தநாகம், அயடீன், விற்றமின் டி, ஈ ஆகியவை அந்தச் சட்டியில் குட்டிக்குக் காணும் அளவுக்கு வராது. அதனால் என் தீர்மானம் இது: தேவையான கலோரியில் குறைந்தது பாதி, ‘குட்டிகளுக்கு, வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான உணவு’ என்று பக்கற்றில் எழுதியிருக்கும் உலர் உணவு. மீதிப் பாதி வீட்டுச் சட்டி. வளர்ந்த நாய்க்கான பக்கற் மலிவு என்று வாங்கவேண்டாம். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் குட்டியின் உணவில் 22.5 வீதமாவது புரதம் இருக்கவேண்டும். வளர்ந்த நாய்க்கு 18 வீதம் போதும்.

5 கிலோ நிறையுள்ள மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாள் கணக்கு: உலர் உணவு 90 கிராம், சோறு 100 கிராம், அவித்த மீன் அல்லது எலும்பு நீக்கிய கோழி 100 கிராம், அவித்த முட்டை பாதி, மசித்த பூசணி அல்லது கரட் இரண்டு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் அரைத் தேக்கரண்டி. இது 700 கலோரிக்குக் கிட்ட வரும்.

சமைக்கும் ஒழுங்கு: சூடை, கீரி போன்ற சின்ன மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலோ குருநகரிலோ விடியவே வாங்குங்கள். குடலை நீக்கிக் கழுவி, உப்பு, தூள், புளி எதுவும் போடாமல், பிரஷர் குக்கரில் முள் விரலால் நசுங்கும் வரை அவியுங்கள். சாதாரண சட்டியில் அவித்தால் முள் அப்படியே நிற்கும், அப்போது முள்ளை எடுத்தே ஆகவேண்டும். பச்சையாகப் போடவேண்டாம். இந்த வகை மீன்கள் பலவற்றில் விற்றமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது, சூட்டில்தான் அது அழியும். சோற்றைக் குழைய விடுங்கள். குட்டிக்குக் குழைந்த சோறு நன்றாகச் சமிக்கும். நல்லெண்ணெய் ஏன் என்றால், குட்டியின் தோலுக்கும் மயிருக்கும் வேண்டிய லினோலெயிக் அமிலம் அதில் நிறைய, தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. ஈரல் கிழமைக்கு இரண்டு நாள், பெருவிரலளவு துண்டு. அதைவிடக் கூடினால் விற்றமின் ஏ உடம்பில் தேங்கும்.

அதிகம் நடக்கும் பிழை, வீட்டுக் குழம்பை விட்டுப் பிசைவது. அதில் வெங்காயமும் உள்ளியும் உப்பும் மிளகாயும் இருக்கின்றன. குட்டியின் பங்கை முதலில் தனிச் சட்டியில் எடுத்துவிட்டு, பிறகு உங்கள் கறியைத் தாளியுங்கள்.

8. கல்சியம்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள், நானும் விட்டேன். என் முதல் குட்டிக்குக் கோழி இறைச்சியும் ஈரலும்தான் ஆசையாகப் போட்டேன். நாலாம் மாதம் திண்ணையிலிருந்து குதித்தபோது முன்னங்கால் முறிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கடதாசி மாதிரித் தெரிந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். எலும்பில்லாத இறைச்சியில் பொஸ்பரஸ், கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். குட்டிக்கு வேண்டியதோ பொஸ்பரஸுக்குச் சமமாக அல்லது சற்றுக் கூடுதலாகக் கல்சியம். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்து நிரப்பும். குட்டி பார்வைக்குக் கொழுகொழுவென்று வளரும், உள்ளே எலும்பு கரையும்.

மேலே சொன்ன பாதிப் பாதி முறையில், மீனை முள்ளோடு நசுங்க அவித்துப் போடும் நாளில் வேறொன்றும் சேர்க்கவேண்டாம். முள் எடுத்த மீன் அல்லது எலும்பில்லா இறைச்சி போடும் நாளில், அந்த 5 கிலோக் குட்டிக்கு முட்டைக்கோதுத் தூள் மட்டமாக அரைத் தேக்கரண்டி. கோதைக் கழுவி, பத்து நிமிடம் அவித்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாகும் வரை அரைத்து அரியுங்கள். நறநறவென்று இருந்தால் உடம்பில் சேராது. ஒரு மட்டத் தேக்கரண்டியில் 2 கிராம் வரை கல்சியம் இருக்கும். குட்டி முழுதும் பக்கற் உணவில் இருந்தால் ஒரு சிட்டிகையும் வேண்டாம்.

மறுபக்கத்துப் பிழையும் இங்கே நிறைய. ஜேர்மன் ஷெப்பேர்ட் குட்டிக்குக் காது நிற்கவில்லை என்று கல்சியம் சிரப்பும் மாத்திரையும் ஏற்றுகிறார்கள். காது நிற்பது குருத்தெலும்பால். 4 முதல் 6 மாதத்தில் பல் மாறும்போது நின்ற காதும் விழுந்து எழும்பும். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, கூடுதலாக வரும் கல்சியத்தை வேண்டாம் என்று தடுக்கத் தெரியாது. வந்ததெல்லாம் உள்ளே போய், பெரிய இனங்களில் எலும்பைக் கோணலாக்கும். பெரிய இனக் குட்டி என்றால், முட்டைக்கோது உட்பட, வைத்தியரைக் கேளாமல் ஒன்றும் சேர்க்கவேண்டாம்.

9. நேரமும் கிண்ணமும்

3 மாதம் வரை ஒரு நாளைக்கு 4 தரம், 6 மாதம் வரை 3 தரம், பிறகு 2 தரம். ஒரு நாளைய மொத்தத்தைக் காலையிலேயே நிறுத்துப் பங்கிட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஆளாளுக்கு அள்ளிப் போடும் வீட்டில்தான் குட்டி கொழுக்கும். பிள்ளைகள் பாண் துண்டு போட ஆசைப்பட்டால், பங்கிட்டு வைத்ததிலிருந்து நாலு உலர் உணவு மணியை அவர்கள் கையில் கொடுங்கள்.

20 நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். நம் வெக்கையில் ஊறின உணவு சீக்கிரம் புளிக்கும், எறும்பும் மொய்க்கும். எறும்புக்கு, தண்ணீர் விட்ட தட்டின் நடுவில் கிண்ணத்தை வைத்தால் போதும். சித்திரை, வைகாசியில் மதியச் சாப்பாட்டைக் குட்டி தொடாது. காலை 7 மணிக்குள்ளும் பின்னேரம் 5 மணிக்குப் பிறகும் கூடுதலாகக் கொடுத்து, நடுவில் குறையுங்கள். தண்ணீர் மட்டும் எந்நேரமும், நிழலில், நாளுக்கு இரண்டு தரம் மாற்றி.

10. கொடியேறும் நாட்கள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. குட்டிக்கும் சோறும் பருப்பும்தான். வளர்ந்த நாய் 25 நாளில் கெட்டுப்போகாது. மூன்று மாதக் குட்டிக்கு அந்த 25 நாள் அதன் வயதில் கால்வாசிக்கு மேல். வீட்டு ஒழுங்கை மாற்றச் சொல்லமாட்டேன். கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே 5ஆம் படியில் சொன்ன மாதிரி மாற்றத் தொடங்கி, அந்த 25 நாளும் முழுதாகப் பக்கற் உணவில் விடுங்கள். 5 கிலோக் குட்டிக்கு நாளுக்கு 180 முதல் 200 கிராம் வரை முடியும். மீன் சேர்ந்த பக்கற் உணவைக்கூட வீட்டுக்குள் வைக்க விருப்பமில்லை என்பவர்கள் மூடின வாளியில் வெளிக்கொட்டிலில் வைக்கிறார்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. தீர்த்தம் முடிந்த அன்றே மீன்தலையைத் தூக்கிப் போடாமல், மறுபடி ஏழு நாள் எடுத்துத் திரும்புங்கள்.

11. வாயில் படக்கூடாதவை

வெங்காயம், உள்ளி: அவித்தாலும் வாட்டினாலும் சிவப்பணுவை உடைக்கும். நம் சின்ன வெங்காயமும் அப்படித்தான். முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கிறிஸ்மஸ் கேக்கில் வற்றல் இருப்பதை மறக்கவேண்டாம். சொக்லேட். சைலிட்டோல் சேர்த்த சீனியில்லாத சூயிங்கம். பச்சை மரவள்ளி. உப்புக் கருவாடு.

அவித்த கோழி எலும்பு ஊசியாய்ப் பிளந்து குடலைக் குத்தும். கறுத்தக்கொழும்பான் பருவத்தில் மாங்கொட்டையையும் பாருங்கள். சூப்பிப் போட்ட கொட்டையைக் குட்டி விழுங்கினால் குடலில் அடைத்து, வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். வளவில் மாமரம் இருந்தால் காலையில் முதல் வேலை கூட்டுவதுதான்.

12. வயிற்றால் போனால்

ஒரு தரம் இளகி, குட்டி துள்ளித் திரிந்தால், நல்லெண்ணெயை நிறுத்தி, குழைந்த சோறும் தோல் நீக்கின அவித்த கோழியும் சிறிது சிறிதாக ஒரு நாள் கொடுங்கள். பெரியவர்களுக்குப் போலப் பட்டினி போடவேண்டாம், குட்டியின் உடம்பில் இருப்பு இல்லை. இரத்தம் கலந்தால், கக்கினால், தண்ணீரும் குடிக்காமல் சுருண்டு படுத்தால் அன்றைக்கே வைத்தியரிடம். விடியட்டும் என்று பார்க்கவேண்டாம். போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். என்ன தின்றது, எப்போது பூச்சி மருந்து, போன கிழமை நிறை என்ன என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

13. எப்போது பெரிய நாயின் உணவு?

சின்ன இனங்களுக்கு 10 முதல் 12 மாதத்தில், நம் ஊர் நாய் போன்ற நடுத்தர உருவத்துக்கு 12 மாதத்தில். லப்ரடோர், ஷெப்பேர்ட், ரொட்வைலர் ஒரு வயதில் முழு நாயாகத் தெரிந்தாலும் எலும்பு முற்ற 15 முதல் 18 மாதம் ஆகும், அதுவரை பெரிய இனக் குட்டி உணவுதான். இடையில் கருத்தடை செய்தால் தேவை நாலில் ஒரு பங்கு வரை குறையும். அந்த மாதம் கிழமை தவறாமல் நிறுத்து, விலாவைத் தடவிப் பார்த்து அளவைக் குறையுங்கள். இந்த மாற்றத்துக்கும் ஏழு நாள்தான்.